பையை விட்டு எடுக்காத கை

துறைமுகக் கம்பெனி மேனேஜர் நீட்டிய மலர்வளையத்தை அக்கா வாங்கிக்கொண்டுபோய், வாசலில் கிடந்த செருப்புகளோடு சாத்தி வைத்தாள்.

“டவுன் இடுகாட்டுல நல்ல இடமா பாத்து வச்சிருக்கோம்மா. வண்டியும் ரெடி. நீங்க எதுக்கும் அலைய வேணாம்,” என்றார் மேனேஜர்.

அலைய வேண்டாமாமே! மனுவும் கையுமாக அப்பாவை ஆபீஸ் ஆபீஸாக அலையவிட்ட மனுஷனுக்கு இன்றைக்குக் கரிசனம் பொங்கி வழிகிறது. கடல்முனையில் இருக்கும் பழைய இடுகாட்டையும் அதை ஒட்டிய அலையாத்திக் காட்டையும் அழித்தால்தான் துறைமுகத்துக்கு ரோடு போடமுடியும். எந்தக் காலத்திலோ கப்பலில் வந்து செத்த மாலுமிகளுக்குக்கூட அங்கே கல் இருக்கிறது. ‘இப்போது அங்கே யாரையும் புதைப்பதில்லை, கைவிட்ட இடம்’ என்பது கம்பெனியின் வாதம். புதிதாக ஒரு ஆளைப் புதைத்துவிட்டால் அந்த வாதம் எடுபடாது. படகு மெக்கானிக்கான அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். “என்னைய அங்கதான் போடணும். செத்தாவது அவனுக்குக் குறுக்க படுத்துக்கிறேன்.”

அக்காவின் பயமெல்லாம் தம்பியை நினைத்துத்தான். கம்பெனியில் மண் அள்ளும் மெஷின் ஓட்டுகிறவன். ராத்திரி அப்பா கண்ணை மூடினார்; விடிவதற்கு முன்பே, போட்டது போட்டபடி அவரை விட்டுவிட்டு இவன் எங்கோ போனான். இப்போதுதான் குளித்துச் சட்டை மாற்றி வந்து நிற்கிறான். வந்ததிலிருந்து பேண்ட் பைகளில் விட்ட இரண்டு கைகளையும் வெளியே எடுக்கவே இல்லை. மேனேஜர் கைகொடுத்தபோதுகூடத் தலையைத்தான் ஆட்டினான். பைக்குள் என்ன? கம்பெனி கொடுத்த பணக் கவராகத்தான் இருக்கும், வேறென்ன!

“எங்கடா போயிருந்த?”

“வேலை இருந்துச்சுக்கா.”

“அப்பன் செத்த அன்னைக்கு என்னடா வேலை?”

அவன் கதவோரமாகப் போய் நின்றுகொண்டான். பெற்றவரையே விற்றுவிட்டான் பாவி.

மேனேஜர் பக்கம் திரும்பினாள். “வண்டிய எடுத்துட்டுப் போங்க. எங்கப்பாவ முனைக்குத்தான் தூக்கிட்டுப் போறோம்.”

மேனேஜர் கோபப்படவில்லை. சிரித்தார். “குழி வெட்ட யாரும்மா வருவா? மம்பட்டி பிடிக்கிறவன் பூரா இப்ப எங்ககிட்டதான் வேலை பாக்குறான்.”

இதைத்தான் யோசிக்காமல் விட்டிருந்தாள்.

“குழி ரெடியா இருக்கு சார்,” என்றான் தம்பி.

மேனேஜரின் சிரிப்பு போயிற்று. “யாரக் கேட்டு மெஷின எடுத்த?”

“மெஷின் எடுக்கல. அத உள்ள விட்டா பழைய கல்லெல்லாம் ஆடிப்போகும்.” முழங்கையால் கதவைத் தள்ளித் திறந்தான். “நாளைலேர்ந்து வேலைக்கு வரல. நீங்க கெளம்புங்க சார்.”

முனையில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. பழைய கற்களுக்கு நடுவே, கோணல்மாணலாக, ஆனால் ஆழமாகவே இருந்தது குழி. அப்பாவை இறக்கினார்கள். முதல் பிடி மண் போடத் தம்பி குனிந்தபோதுதான் அவன் கைகள் வெளியே வந்தன. உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். உடைந்து, தோல் உரிந்து, சிவந்து கிடந்தது. விரலை மடக்கிப் பார்த்தான், முடியவில்லை.

அக்கா தன் கையில் இருந்த மண்ணில் பாதியை அவன் புறங்கைமேல் வைத்தாள். அவன் மெல்லக் கையைச் சாய்த்தான்.