மண்ணியல் வரிசையில் நான்கு பேர்

படிப்பை முடிப்பவர்களின் குழுப் படத்துக்குத் துறைவாரியாக நிற்க வேண்டும். நான் இயந்திரவியலில் சேர்ந்து, பொருளாதாரத்துக்குத் தாவி, மண்ணியலில் முடித்தவன். முதல் தாவலின்போது "நீ உருப்படவே மாட்டே" என்று வழியனுப்பியவர் இயந்திரவியல் தலைவர். வெளிநாட்டில் மண்ணைப் பற்றி மேலே படிக்க எனக்கு இடம் கிடைத்ததும் அவருக்குப் பாசம் பொத்துக்கொண்டு வந்தது.

"தம்பி, இங்க வந்து உட்காருப்பா. நீ எங்க பிள்ளை. அஸ்திவாரம் நாங்க போட்டதுதானே," என்று இயந்திரவியல் முன்வரிசை நாற்காலியைத் தட்டினார்.

"போட்டீங்க சார். வீட்டைத்தான் வேற இடத்துல கட்டிட்டேன்."

"உங்கப்பாவுக்கும் இதான் ஆசை. கேட்டுப் பாரு."

ஆசைதான். உறவுக்காரர்களிடம் அப்பா இன்னும் என்னை இன்ஜினியர் என்றே சொல்லிவருகிறார். கூடத்தில் மாட்ட அவருக்கு இந்தப் படம் வேண்டும். ஓரமாக நின்று நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க போயும் பிடிக்கலேன்னா மறுபடி மாறிடுவேன் சார். அப்பவும் உங்க பிள்ளைன்னு சொல்லுவீங்களா?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் மண்ணியல் வரிசைக்கு நடந்தேன். என்னோடு சேர்த்து நான்கு பேர்.

"டேய், அந்தக் கோடியில நின்னா முகமே தெரியாதுடா," என்றார் அப்பா.

"நல்லாத் தெரியும்பா. மறைக்க இங்க ஆளே இல்ல."