நான்காவது ஆமணக்கு

கோகிலா கையைத் தூக்கிக் கொடியில் புடவையை வீசியபோது அவள் நெற்றி தெரிந்தது. நெற்றியில் சிவப்புப் பொட்டு. வட்டமாக, ஈரம் காயாமல், வெயிலில் பளபளவென்று. வேலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? ஜப்பான்காரன் வந்து இரண்டரை வருஷமாகிறது. நாகப்பட்டினத்துக் கப்பல் நின்றும் அவ்வளவு நாள் ஆகிறது. மலாக்கா முழுக்கத் தேடினாலும் ஒரு சிட்டிகை குங்குமம் கிடையாது. கடைத்தெருவில் நாகூர் மீரானிடம் போய்க் கேட்டால், "மொளகாயே இல்லைங்கிறேன், குங்குமத்துக்கு நான் எங்கம்மா போவேன்?" என்று கையை விரிக்கிறார். எங்கள் காஜா பெராங் பகுதியில் இருக்கிற தமிழ்ப் பெண்கள் எல்லாரும் மரவள்ளி மாவைக் கருக்கிச் சாந்து காய்ச்சி, கறுப்புப் பொட்டுதான் வைத்துக்கொள்கிறோம். புருஷன் பக்கத்திலேயே இருக்கிற எனக்குக் கறுப்பு. புருஷனை சயாமில் ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போய், ஒரு வருஷமாக ஒரு வரி கடுதாசி வராத கோகிலாவுக்குச் சிவப்பு. இது எந்த ஊர் நியாயம்?

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்த வாரம் என் வீட்டுக்காரர் சட்டையைத் துவைக்க எடுத்தபோதுதான் தலையில் இடி விழுந்தது. சட்டைப்பைக்கு மேலே சிவப்புக் கறை. சோப்பு ஏது? சாம்பலைப் போட்டுக் கசக்கினேன். கறை போகவில்லை, இன்னும் பரவியது.

அவருடைய பெயரை நான் சொல்வதில்லை. ஊரில் கருணாகரன் என்பார்கள். ஒரு சர்க்கார் ஆபீசில் கிளார்க்கு. வீட்டுக்கு நாலு ஆமணக்குச் செடி வளர்க்க வேண்டும், ஏரோப்பிளேனுக்கு எண்ணெய் வேண்டும் என்று ஜப்பான்காரன் உத்தரவு போட்டிருந்தான். ஆமணக்கையும் மரவள்ளியையும் தவிர வேறு எது இருந்தாலும் பிடுங்க வேண்டும். வீடு வீடாகப் போய் அதைப் பார்த்து எழுதிவருவதுதான் அவர் வேலை. எல்லா வீட்டிலும் ஐந்து நிமிஷம். கோகிலா வீட்டில் மட்டும் அரை மணி நேரம். அன்றைக்குப் போட்டிருந்த சட்டைதான் இது.

நான் அளந்தே பார்த்துவிட்டேன். அவர் பக்கத்தில் நின்றால் என் நெற்றி அவர் தோளுக்கு வரும். கோகிலா என்னைவிட நாலு விரல் குட்டை. அப்படியென்றால் அவள் நெற்றி எங்கே வரும்? சரியாகச் சட்டைப்பைக்கு மேலே வரும். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்கே ஏறியதில்லை. இந்தக் கணக்கு மட்டும் ஒரு நிமிஷத்தில் ஏறிவிட்டது. அவளோ அவரை "அண்ணே, அண்ணே" என்றுதான் கூப்பிடுவாள். அண்ணனாம், பெரிய அண்ணன்! அந்தப் பொட்டு அழிந்து போகட்டும் என்று வாய்விட்டே சொன்னேன். நல்லவேளை, கேட்க யாரும் இல்லை.

எங்கிருந்தோ குங்குமம் வாங்கி அவர்தான் அவளுக்குக் கொடுக்கிறார் என்று முடிவுகட்டினேன். கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை. வெள்ளிக்கிழமை கோகிலா பையைத் தூக்கிக்கொண்டு அரிசிக்கு வரிசையில் நிற்கப் போனதும், வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு அவள் கிணற்றடிக்குப் போனேன்.

குங்குமச் சிமிழையோ பொட்டலத்தையோ தேடித்தான் போனேன். கிணற்றுக்குப் பக்கத்தில் துணி துவைக்கிற கல் கிடந்தது. அதன் ஓரத்தில் சிவப்பாக எதையோ இழைத்த தடம். கீழே உடைந்த காய்த்தோல்கள். நிமிர்ந்து பார்த்தேன். தலைக்கு மேலே அவளுடைய ஆமணக்கு, கொத்துக் கொத்தாகச் சிவந்த முள்ளுக்காயோடு நின்றது. என் வீட்டிலிருந்து பார்த்தால் வேலிக்கு மேலே அந்தக் கொத்து மட்டும்தான் தெரியும். நானும் இத்தனை நாள் ஆமணக்கு என்றுதான் நினைத்திருந்தேன். கிட்டத்தில் பார்த்தால் இலை சரியில்லை. ஆமணக்கு இலை விரித்த கை மாதிரி இருக்கும். இது பூவரசு இலை மாதிரி, நுனி கூராக இருந்தது. மற்ற மூன்றும் சுவரோரம் நல்ல ஆமணக்காகவே நின்றன. இது ஒன்றுதான் வேறு சாதி.

ஒரு காயைப் பறித்தேன். முள் குத்தும் என்று பார்த்தால் குத்தவில்லை, பூனை மயிர் மாதிரி மெத்தென்றிருந்தது. ஆமணக்குக் காய் மூன்று பிளவாக இருக்கும். பிளவுக்கு ஒரு கொட்டை, மாட்டு உண்ணி மாதிரி புள்ளி போட்டு வழவழவென்று இருக்கும். எஸ்டேட்டில் பிறந்த பிள்ளைக்கு இதுகூடத் தெரியாதா? இந்தக் காயை நகத்தால் கீறியதும் இரண்டாகத்தான் பிளந்தது. உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு நாற்பது ஐம்பது பொடி விதை. ஒவ்வொன்றின் மேலும் ஈரமான சிவப்புத் தோல். விரலால் தொட்டேன். விரல் சிவந்தது. புடவையில் துடைத்தேன். புடவையும் சிவந்தது.

கோகிலாவுக்கு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிற செட்டி அம்மாள் அந்த நேரம் பார்த்துப் பின்கட்டுக்கு வந்தாள். மலாக்கா செட்டிகள் சாமி கும்பிடுவது நம்மைப் போல, பேசுவது மலாய். என் கையைப் பார்த்துச் சிரித்தாள். "இத்து கெசும்பா. புவாட் வார்னா குவே," என்றாள். பலகாரத்துக்கு நிறம் போடுகிற கெசும்பாச் செடியாம். அவள் மாமியார் நட்டதாம். நான் தலையை ஆட்டிவிட்டு, பறித்த காயோடு வீட்டுக்கு வந்தேன்.

கறை எப்படி வந்தது என்று இப்போது தெரிந்துவிட்டது. காயைப் பறித்து உடைத்துப் பார்த்துவிட்டு, சட்டைப்பையில் போட்டிருக்கிறார். மனசு ஆறியதா? ஆறவில்லை. இன்னொரு எரிச்சல் கிளம்பியது. காயை உடைத்துப் பார்த்திருக்கிறார் என்றால், ஆமணக்கு இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் நாலு ஆமணக்கு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். போன மாதம் தெங்கேராவில் ஒருத்தர் ஒரு செடி கூட்டி எழுதியதற்கு நடுத்தெருவில் முட்டிபோட வைத்து அறைந்தார்கள். எனக்காக ஆபீசிலிருந்து ஒரு கை சீனி கொண்டுவரப் பயப்படுகிற மனுஷன், அவளுக்காகக் கன்னத்தைக் காட்டத் துணிந்திருக்கிறார். கட்டிப்பிடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

ஜப்பான்காரன் கடிகாரத்தைத் தள்ளிவைத்த தோக்கியோ நேரப்படி மணி ஏழு. வெளியே வெயில் இன்னும் சுள்ளென்று இருந்தது. அவர் கிழங்குத் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். நான் தட்டில் கிழங்கோடு அந்தக் காயையும் வைத்தேன்.

"இது என்னங்க?"

பார்த்தார். "ஆமணக்கு," என்றார்.

"ஒடைச்சுக் காட்டுங்க."

அவர் தொடவில்லை.

"கெசும்பான்னு எனக்கே தெரிஞ்சுபோச்சு. உங்களுக்குத் தெரியாதா? நாளைக்கு நானே ஆபீசுக்கு வந்து சொல்றேன். அந்தச் செடி இருக்கணுமா, இந்த வீட்டுல நான் இருக்கணுமா? அவ உங்களுக்கு என்ன வேணும்? அதச் சொல்லுங்க மொதல்ல."

"கத்தாதே சிவகாமு."

"கத்துவேன்லா. ஊருக்கே கேக்கட்டும்!"

எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினார். திரும்பி வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவர் இப்படி என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்ததில்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவளைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லப் போகிறார் என்றே நினைத்தேன்.

"தம்பிராஜா செத்துட்டான்," என்றார்.

தம்பிராஜா கோகிலாவின் புருஷன்.

"யாரு சொன்னா?"

"கலியாணசுந்தரம். ரெண்டு பேரும் ஒரே லாரிலதான போனாங்க? அவன் அங்கேருந்து தப்பிச்சு வந்து செமாபோக்குல அவங்க அக்கா வீட்டுல ஒளிஞ்சிருக்கான். வாந்திபேதியாம். தம்பிராஜாவ இவன் கையாலதான் தூக்கிப் போட்டிருக்கான். வெளிய தெரிஞ்சா இவனையும் பிடிச்சுட்டுப் போயிருவான் ஜப்பான்காரன். அதான் நான் வாயத் தொறக்கல."

"அவகிட்டயுமா சொல்லல?"

"எப்படிச் சொல்வேன்? அன்னிக்கு அந்தச் செடிய வெட்டணும்னு சொல்லத்தான் போனேன். 'அவர் வர்ற வரைக்கும் மட்டும் விட்டுடுங்கண்ணே, கறுப்புப் பொட்டோட நின்னா அவருக்குப் பிடிக்காது'ன்னு கையப் பிடிச்சுக்கிட்டு அழுவுது. நான் என்ன செய்ய? நாலு ஆமணக்குன்னு எழுதிட்டு வந்துட்டேன்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தம்பிராஜா செத்தான் என்று கேட்டதும் எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. அப்பாடா என்றிருந்தது. என் புருஷன் என் புருஷனாகவே இருக்கிறார். அப்புறம்தான் அழுகை வந்தது. அழும்போதும், அவள் இவர் கையைப் பிடித்தாளாமே என்று உள்ளே ஒன்று குத்திக்கொண்டுதான் இருந்தது. என்ன ஜென்மமோ நான்.

மறுநாள் காலை அவர் ஆபீசுக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டும்போது கோகிலா வேலிப் படலைத் திறந்துகொண்டு வந்தாள். தலைக்குக் குளித்து முடியில் துண்டு சுற்றியிருந்தாள். கையில் ஒரு கொட்டாங்குச்சி.

"என்னக்கா, காய் பறிச்சீங்களாமே? வீட்டுக்காரம்மா சொன்னாங்க," என்றாள். நான் சிவந்த விரலை முந்தானைக்குள் மறைத்தேன். அவளோ சிரித்தாள். "சும்மா காய வெச்சு என்ன பண்ணுவீங்க? வெதைய எண்ணெயில எழைக்கணும்லா. கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே. நீங்க என்னமோ கோவமா இருக்கீங்கன்னு நெனச்சுதான் இத்தனை நாளா நான் பேசல."

கொட்டாங்குச்சியில் குழைத்த சிவப்பு. என் முகத்தைப் பிடித்து நிமிர்த்தி, முந்தானை நுனியால் என் கறுப்புச் சாந்தைத் துடைத்து, சிவப்பை வைத்துவிட்டாள். நெற்றி குளிர்ந்தது. "பாருங்கண்ணே, அக்கா எப்படி இருக்காங்கன்னு," என்றாள். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் கொட்டாங்குச்சியை என்னிடம் நீட்டினாள். குங்குமம் வைத்துவிட்டவளுக்குத் திருப்பி வைத்துவிடுவதுதான் நம் வழக்கம். கட்டுக்கழுத்திக்குக் கட்டுக்கழுத்தி. அப்போதுதான் பார்த்தேன், அவள் தன் நெற்றிக்கு இன்னும் எதுவும் வைத்திருக்கவில்லை. கழுவிவிட்டு வெறுமனே வந்திருந்தாள்.

"இன்னிக்கு ஒங்க கையால வெச்சுக்கலாம்னு வந்தேன். நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்க. ஒங்க கை ராசி, அவரு சீக்கிரம் வரட்டும்."

விரலைத் தோய்த்தேன். எடுத்தேன். கை பாதி வழியில் நின்றுவிட்டது. அவரைப் பார்த்தேன். அவர் வாசற்படியில் கையை ஊன்றிக்கொண்டு, முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வைங்கக்கா," என்று கோகிலா கண்ணை மூடிக்கொண்டு நெற்றியை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். என் விரலிலிருந்து ஒரு சொட்டு வழிந்து அவள் மூக்கில் விழுந்தது. கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.