பேசிக்கிட்டே இருங்க

நெஞ்சில் வலி எழுந்ததும் முடிதிருத்துபவர் முதலில் செய்த காரியம், வாசற்கதவின் தாழ்ப்பாளை நீக்கி வைத்ததுதான். அப்புறம்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். தனியாக இருப்பவனுக்கு இந்த முன்யோசனையெல்லாம் தானாக வந்துவிடும். மனைவி போய் நாலு வருஷம். கை நடுங்கத் தொடங்கியதும் கடையையும் மூடியாயிற்று. மகன் ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்பது இரண்டே கேள்வி: சாப்பிட்டாயிற்றா, மாத்திரை போட்டாயிற்றா. அவனையும் குறை சொல்ல முடியாது, தலைக்கு மேல் வேலை. கத்தரியைவிட வாயை அதிகம் ஓட்டிப் பிழைத்த மனிதருக்கு இப்போது நாளைக்குப் பத்து வார்த்தை செலவானாலே அதிகம்.

ஆஸ்பத்திரியில், மணிக்கட்டு வழியாக விட்ட குழாய் இதயம்வரை போயிருந்தது. அடைப்பை நீக்கி ஸ்டென்ட்டும் வைத்தாயிற்று. ஆனாலும் டாக்டர் செலுத்திய சாயம் திரையில் பாதி வழியிலேயே நின்றது. பெரிய ரத்தக்குழாய் திறந்துவிட்டது, அதற்குக் கீழே உள்ள பொடிக் குழாய்கள் இறுகிக்கொண்டு ரத்தத்தை விடமாட்டேன் என்கின்றன, மருந்து கொடுத்துத்தான் இளக்கவேண்டும் என்றார் டாக்டர். இளகாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை.

நர்ஸ் காதருகே குனிந்தாள். "ஐயா, மருந்து நேரா இதயக் குழாய்க்குள்ள போகுது. கொஞ்ச நேரம் நெஞ்சு அடைக்கும், பிரஷர் எறங்கும். நீங்க நினைவோட இருக்கீங்களான்னு எனக்குத் தெரியணும். எதையாவது பேசிக்கிட்டே இருங்க."

யாரிடம் போய் என்ன கேட்கிறாள்! முதல் ஊசி இறங்கியதும் நெஞ்சின்மேல் ஆள் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. மூச்சு வாங்க வாங்க, பாதி மீசையோடு கடை நாற்காலியில் தூங்கிப்போன கல்யாண மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னார். முகமூடிக்குள் அவள் சிரித்தது தெரிந்தது. "அப்புறம்?" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டு எவ்வளவு காலம் ஆகிவிட்டது. சாகப் பயந்துகொண்டே அவர் சந்தோஷமாக இருந்தார்.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு சாயம் கடைசிக் கிளைவரை ஓடியது. வலி இருக்கிறதா என்று நர்ஸ் கேட்டாள். துளியும் இல்லை.

"இன்னும் கொஞ்சம் இருக்கும்மா," என்றார்.

டாக்டர் திரையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். ரத்தம் நன்றாகத்தான் ஓடுகிறது. இருந்தாலும் வலி என்கிறாரே, இன்னொரு ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார். நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றுவதைப் பார்த்ததும் முடிதிருத்துபவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"வேண்டாம்மா. வலி போயிடுச்சு."

"அப்ப ஏன் இருக்குன்னீங்க?"

"போயிடுச்சுன்னா, பேசினது போதும்னு சொல்லிடுவீங்களே."