கடைத் தோட்டா

டெல்மர் மூன்றாவது முறை ஓங்கி அடித்த பிறகுதான் தோட்டாவிலிருந்து குண்டு கழன்றது. பிளாஸ்டிக் சுத்தியலின் குடைந்த தலைக்குள் குண்டும் வெடிமருந்தும் ஒன்றாக விழுந்தன. குண்டை ஒரு தட்டில் போட்டான், பித்தளைக் கூட்டை இன்னொரு தட்டில். வெடிமருந்தைப் பழைய காப்பி டப்பாவில் கொட்டினான். நாற்பது தோட்டாக்கள் ஆகியிருந்தன. இன்னும் இருநூறுக்குக் குறையாது.

சுவருக்கு அந்தப் பக்கம் அவனுடைய அண்ணன் ஆர்வில் செத்துக்கொண்டிருந்தான். நுரையீரலில் புற்று. இன்றோ நாளையோ என்று நர்ஸ் நேற்றே சொல்லிவிட்டுப் போனாள்.

அலாஸ்காவில் அந்த ஆற்றுக்கரை ஊர்களில் ஒருவன் தன் கையால் நிரப்பிய தோட்டாவை இன்னொருவன் தன் துப்பாக்கியில் போடமாட்டான். உள்ளே எவ்வளவு மருந்து போட்டான் என்பது நிரப்பியவனுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். அவன் போய்ச் சேர்ந்தால் அத்தனையையும் உடைத்து, மருந்தைப் புல்லில் தூவிவிடுவார்கள். வழக்கமாக அடக்கம் முடிந்த பிறகு நடக்கிற காரியம் இது. ஆர்வில் மட்டும் உயிரோடு இருக்கும்போதே செய்துவிடச் சொன்னான். சத்தம் காதில் விழுந்தால்தான் தனக்கு நிம்மதி என்று மூன்று நாள் முன்பு டெல்மரின் மனைவி ரோவீனாவிடம் மூச்சு வாங்க வாங்கச் சொல்லியிருந்தான்.

அவனுக்குப் பிள்ளைகள் இல்லை, மனைவியும் போய் ஆறு வருடம் ஆகிறது. செய்வதற்கு டெல்மரைத் தவிர ஆளில்லை. டெல்மருக்கும் இந்த வேலை கிடைத்ததில் உள்ளூரச் சந்தோஷம்தான். ரோவீனா படுக்கையருகே உட்கார்ந்து அண்ணனின் உதட்டை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். அந்த நாற்காலியில் அவன் உட்கார்ந்தால் ஏதாவது பேசியாக வேண்டும். பதினோரு வருடமாக அண்ணனும் தம்பியும் மூஸ் மானைப் பற்றிப் பேசினார்கள், சால்மன் மீன் வரத்தைப் பற்றிப் பேசினார்கள், பனியில் கெட்டுப்போன சாலையைப் பற்றிப் பேசினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைக்கூடத் தவறவிட்டதில்லை. பேச வேண்டியது மட்டும் அப்படியே கிடந்தது.

பதினோரு வருடத்துக்கு முந்தைய செப்டம்பரில் டெல்மர் ஆற்றோரப் புதரில் மூஸ் ஒன்றைச் சுட்டு வீழ்த்தி, தோலுரித்துக்கொண்டிருந்தான். இறைச்சி வாடைக்குப் பழுப்புக் கரடி வந்துவிட்டது. நாற்பது அடி தூரம்கூட இல்லை. துப்பாக்கியை எடுத்துக் குறிவைத்துச் சுட்டான். வெடிச்சத்தத்துக்குப் பதிலாகப் புஸ்ஸென்று ஒரு ஓசை வந்தது. ஆர்வில் நிரப்பிக் கொடுத்த தோட்டா அது. உள்ளே மருந்தே இல்லை. கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்க இருக்கும் கேப்பின் பொறி மட்டும் குண்டைத் தள்ளி, குழலின் நடுவில் சிக்கவைத்துவிட்டது. பதற்றத்தில் டெல்மர் அடுத்த தோட்டாவைப் பாதி ஏற்றிவிட்டான். விசையை இழுத்திருந்தால் குழல் வெடித்து முகம் போயிருக்கும். கையை எது நிறுத்தியது என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. கரடி மூஸின் தொடை ஒன்றைக் கவ்விக்கொண்டு அதன் பாட்டுக்குப் போய்விட்டது.

மறுநாள் காலை துறைமுகத்துச் சாப்பாட்டுக் கடைக்குப் போனான். எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, குழலிலிருந்து தட்டி எடுத்த குண்டை ஆர்விலின் காப்பிக் கோப்பைக்குள் போட்டான்.

"இனிமே நீ செய்யறத நீயே சுட்டுக்க. எனக்குக் கடைத் தோட்டா போதும். மெஷினுக்குக் கண்ணு மங்காது."

யாரோ சிரித்தார்கள். ஆர்வில் கரண்டியால் குண்டை எடுத்துக் காகிதத்தில் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். காப்பியையும் குடித்து முடித்தான். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தால் விஷயம் அன்றோடு தீர்ந்திருக்கும் என்று டெல்மர் பலமுறை நினைத்ததுண்டு. தான் ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லியிருக்கலாம் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

அதற்குப் பிறகு கடைத் தோட்டாதான். அதுவும் என்ன தோட்டா! மீன்பிடி முடிந்து வந்ததும் நூறு கஜத்தில் ஒரு தாளைக் குறியாக நிறுத்தி மூன்று சுட்டுப் பார்ப்பான். மூன்று ஓட்டையையும் ஒரே நாணயத்தால் மூடிவிடலாம். அந்தத் தாளை எடுத்து வந்து ஃபிரிட்ஜில் ஒட்டுவான், ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கண்ணில் படுகிற மாதிரி. கடையில் வாங்கியது என்பதையும் வாய்விட்டுச் சொல்லத் தவறமாட்டான். ஆர்வில் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்ப்பான். நன்றாக இருக்கிறது என்பான். உருளைக்கிழங்குக் கிண்ணத்தை இந்தப் பக்கம் தள்ளுவான்.

அடுத்த பெட்டியை எடுக்க டெல்மர் அண்ணனின் பட்டறை மேஜையில் கீழ் இழுப்பறையைத் திறந்தான். கடைத் தோட்டாப் பெட்டி ஒன்று இருந்தது. அவன் வாங்குகிற அதே முந்நூற்று எழுபத்தைந்து அளவு. ஆர்விலின் துப்பாக்கிக்கு அந்த அளவு சேராது. மூடியைத் திருப்பினான். விலைச்சீட்டுக்குப் பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்து தன் கையெழுத்திலேயே இருந்தது. ஜூலையில் அவன் வாங்கி வைத்த பெட்டி. அண்ணன் படுக்கையில் விழுந்ததிலிருந்து துப்பாக்கி பக்கமே போகாததால் அது தன் வீட்டில் இல்லாததை அவன் கவனிக்கவில்லை.

உள்ளே ஏழு தோட்டாக்கள் முழுசாக இருந்தன. மற்ற பதின்மூன்றும் பிரித்துக் கிடந்தன. குண்டுகள் வரிசையாக, கூடுகள் வரிசையாக, மருந்து மூடிபோட்ட சின்ன டப்பாவில். அடியில் ரப்பர் பட்டை போட்ட தாள் சுருள். பிரித்துப் பார்த்தான். பத்துத் தாள், பத்து ஆகஸ்ட், ஒவ்வொன்றிலும் மூன்று ஓட்டை. எல்லாவற்றின் மூலையிலும் 'டெல்லோட துப்பாக்கி' என்று ஆர்விலின் கோணல் எழுத்து.

ரோவீனாவைச் சமையலறைக்குக் கூப்பிட்டுப் பெட்டியைக் காட்டினான். அவள் திடுக்கிடவில்லை. என்றாவது இது வரும் என்று எதிர்பார்த்திருந்தவள் மாதிரி கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நாந்தான் கொண்டாந்தேன். வருஷா வருஷம் நாந்தான் கொண்டாந்தேன்."

காப்பிக் கோப்பை விவகாரம் நடந்த மறுவாரம், டெல்மர் படகில் போயிருந்தபோது ஆர்வில் வந்தானாம். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றானாம். தம்பி வாங்கியிருக்கிற பெட்டியை ஒருநாள் கொடு, ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளே மருந்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடித் தந்துவிடுகிறேன் என்றானாம். அடுத்த வருடத்திலிருந்து பார்ப்பதோடு நிற்கவில்லை. டெல்மரின் துப்பாக்கிக்கு எது ஒத்துவருகிறதோ அந்த அளவுக்கு மருந்தை எடைபோட்டு மூடினான். ஆகஸ்டில் டெல்மர் படகில் இருக்கும் இரண்டு வாரத்தில் துப்பாக்கியையும் வாங்கிக்கொண்டு போய் மூன்று சுட்டுப் பார்த்து, துடைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிடுவான். சுட்ட மூன்றுக்குப் பதில் வேறு மூன்று வாங்கி வைப்பான். தம்பிக்குத் தெரியக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தான்.

டெல்மர் முழுத் தோட்டா ஒன்றை எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்த்தான்.

"இத்தன வருஷத்துல ஒண்ணாவது காலியா இருந்துச்சா?"

"ஒண்ணு கூட இல்ல. அப்பறம் எதுக்கு இந்த வேலைன்னு நானும் கேட்டேன். 'என் கையால ஒண்ணு அப்படிப் போச்சே, ரோவீனா'ன்னாரு."

"நீயாவது எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

"ஃபிரிட்ஜுல நீ ஒட்டறப்பல்லாம் வாய் வரைக்கும் வரும். அவரு என்னப் பாப்பாரு. விட்டுருவேன்." அவள் எழுந்தாள். "என் தப்புதான். இப்பப் போயி நீ சொல்லு, டெல். இன்னும் காது கேக்குது அவருக்கு."

ஃபிரிட்ஜில் ஒட்டிய தாள்களை நினைத்தபோது டெல்மருக்கு உடம்பே கூசியது. அண்ணன் எடைபோட்டு மூடிய தோட்டாவின் நேர்த்தியைத்தான் அண்ணன் முகத்துக்கு நேராகப் பத்து வருடம் பீற்றிக்கொண்டிருந்திருக்கிறான். நன்றாக இருக்கிறது என்று ஆர்வில் சொன்னானே, அது யாருக்குச் சொன்னது?

அறை வாசலில் போய் நின்றான். ஆர்வில் பாதிக்கு மேல் கரைந்துபோயிருந்தான். போர்வைமேல் கைகள் மட்டும் பழைய அளவில் இருந்தன. காலடி கேட்டுக் கண்ணைத் திறந்தான்.

"சத்தம்... நின்னுபோச்சே."

சொல்லிவிடலாம். இரண்டே வார்த்தை. டெல்மர் வாயைத் திறந்தான். அறுபத்து மூன்று வருடத்தில் அந்தக் குடும்பத்தில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு அவன் பார்த்ததில்லை. நாக்குக்குப் பழக்கமில்லை.

"கொஞ்சம்தான் பாக்கி. முடிச்சிட்டு வந்துடறேன்," என்றான்.

ஆர்வில் லேசாகத் தலையசைத்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

பட்டறை அறைக்குத் திரும்பியவன் கதவைச் சாத்திக்கொண்டு சுத்தியலை ஓரமாக வைத்தான். பெட்டியை முழுசாக்கி அண்ணன் கையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் போதும் என்று தோன்றிவிட்டது அவனுக்கு. தனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று ஆர்விலுக்குப் புரிந்துவிடும், தான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது. அண்ணன் மருந்தின் அளவைப் பெட்டிக்குள் ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தான். தராசை நடுவில் இழுத்து, ஜன்னலை மூடினான். வெடிமருந்தைத் துளித்துளியாகக் கிண்ணத்தில் தட்டினான். முள் கோட்டில் நின்றதும் கூட்டுக்குள் சரித்து, குண்டை வைத்து, நெம்புகோலை இறக்கினான். ஒன்று. இந்த வேலையில் சத்தமே கிடையாது என்பது அவனுக்குத் தோன்றவேயில்லை. ஐந்து, ஒன்பது, பன்னிரண்டு. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு செய்கிறான், கை மறக்கவில்லை. அண்ணனுக்குச் சமமாக வந்திருக்கிறது என்றுகூட நினைத்தான்.

கடைசிக் கிண்ணத்தைத் தராசில் வைத்தபோது கதவு திறந்தது. காற்றுக்கு முள் ஆடத் தொடங்கியது.

"டெல்," என்றாள் ரோவீனா.

அவன் திரும்பவில்லை.

"கடைசி மூச்சு வரைக்கும் சத்தம் வருமான்னு காதக் கொடுத்துக்கிட்டே இருந்தாரு."

முள் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருந்தது. வெறும் பித்தளைக் கூடு ஒன்று அவன் கையில் இருந்தது.

"கதவச் சாத்து," என்றான். "முள்ளு நிக்க மாட்டேங்குது."

அவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். அவன் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். இரண்டு பேரும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.