இருபதாவது கொட்டை

எனக்கு ஆறு வயதிருக்கும்போது ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்தேன். குழந்தைதானே, தெரியாமல் செய்தது என்று யாராவது சமாதானம் சொல்ல வந்தால் எனக்குக் கோபம் வரும். நன்றாகத் தெரிந்துதான் செய்தேன்.

கொல்லம் ஆண்டு ஆயிரத்துத் தொண்ணூறு, இங்கிலீஷ் கணக்கில் 1915. எங்கள் வீடு பாறசாலைக்குக் கிழக்கே இருந்தது. அப்பா சிவானந்தம் பிள்ளை நெய்யாற்றின்கரையில் சர்க்கார் குமாஸ்தா. பெண் பிள்ளைக்கும் நாலெழுத்து வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, எனக்குப் பாடம் சொல்லித்தர சுகிர்தபாயை ஏற்பாடு செய்தார். அவள் வேதக்காரி, அதாவது கிறிஸ்தவள்; விதவை, மிஷன் பள்ளியில் படித்தவள். மகள் லீலாபாய் போர்டிங்கில் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுச் சம்பளம் நின்றால் அந்தப் படிப்பும் நின்றுவிடும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அம்மை சொர்ணம்மாள் ஒரு நிபந்தனை போட்டாள். சுகிர்தபாய் மேற்கு வராந்தாவின் ஓரத்தில் தடுக்குப் போட்டு உட்காரலாம். எங்களையும் எங்கள் சாமான்களையும் தொடக் கூடாது. தொட்டதைக் குளத்தில் முக்கி எடுத்த பிறகுதான் வீட்டுக்குள் சேர்ப்பார்கள்.

பாடம் முடிந்ததும் வராந்தாவில் விளையாட்டுச் சாமான் ஒன்றுகூடக் கிடக்கக் கூடாது என்பதும் அம்மையின் கட்டளை. தொடாமல் எப்படி எடுத்து வைப்பது? பாவம், அவள் அதற்கு ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தாள். மூன்று ஓலைப்பெட்டிகளை வரிசையாக வைக்கச் சொன்னாள். மரப்பாச்சியும் பம்பரமும் ஒன்றில், பித்தளைச் செப்பு ஒன்றில், புன்னைக்கொட்டை ஒன்றில். அவள் கைதட்டிக்கொண்டே, "மரமெல்லாம் வீட்டுக்குப் போகுது!" என்பாள். நானும் மூன்று வயசுத் தம்பி தாணுவும் ஓடி ஓடிப் பொறுக்குவோம். கொட்டை மொத்தம் இருபது. இருபதையும் எண்ணிப் போட்டால்தான் ஜெயம். ஒரே மாதத்தில் எனக்கு எண்ணவும் இனம் பிரிக்கவும் வந்துவிட்டது. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

இனம் பிரிக்கத் தெரிந்ததும் என் மூளையும் வேலை செய்யத் தொடங்கியது. நாலாவதாக ஒரு பெட்டி கொண்டுவந்து வைத்தேன்.

"இது என்னத்துக்கு மக்கா?" என்றாள் சுகிர்தபாய்.

"நீ தொட்டதைப் போட. தீட்டுப் பெட்டியாக்கும்."

அவள் காலில் படும்படி பம்பரத்தை உருட்டிவிட்டு, அதை எடுத்து அந்தப் பெட்டியில் போடுவேன். ஒவ்வொன்றுக்கும் அவள் அம்மையிடம் ஏச்சு வாங்கினாள். எனக்கு அது நல்ல வேடிக்கை. அவளோ முகம் வாடாமல், "தீட்டுப் பெட்டியில எத்தனை உண்டு? எண்ணு பாப்போம்" என்பாள். அதை வைத்தும் எனக்குக் கணக்குச் சொல்லித்தந்தாள்.

ஆவணியில் ஒரு நாள் காலை. பொறுக்கி முடித்துப் பார்த்தால் கொட்டை பத்தொன்பதுதான் இருந்தது. நாங்கள் உட்காரும் பாயைத் தூக்கித் தூக்கித் தேடினேன். சுகிர்தபாய் திடீரென்று எழுந்து நின்றாள். தாணு வாயைத் திறந்தபடி நின்றான், சத்தமே இல்லை. முகம் கறுத்துக்கொண்டு வந்தது.

"நீலா, அம்மையை விளி! ஓடு!"

நான் ஓடவில்லை. இருபதாவது கொட்டை எங்கே என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள், வீட்டு நடையைப் பார்த்தாள், பிறகு பாய்ந்து தம்பியைத் தூக்கிக் கவிழ்த்து முதுகில் ஓங்கி அறைந்தாள். கொட்டை தெறித்து விழுந்தது. அவன் வீறிட்டு அழுதான். நான் அதை எடுத்துப் பாவாடையில் துடைத்துப் பெட்டியில் போட்டேன். இருபது.

அழுகை கேட்டு அம்மை ஓடி வந்தாள். தாணு சுகிர்தபாயின் இடுப்பில் இருந்தான். முதுகில் ஐந்து விரலும் பதிந்திருந்தது.

"எட்டீ, என் பிள்ளையை அடிச்சியா?"

"இல்லம்மா, பிள்ளைக்க தொண்டையில கொட்டை சிக்கிட்டு. அடிச்சதுலதான் வெளிய வந்துது. இங்கதான் தரையில கிடக்கு, பாருங்கோ."

அம்மை பார்த்தாள். தரை சுத்தமாக இருந்தது.

"எங்கட்டீ கிடக்கு?"

சுகிர்தபாய் குனிந்து தேடினாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீலா, நீ எடுத்துப் போட்டியா? சொல்லு மக்களே. உனக்குப் புண்ணியமாப் போகும்."

சொல்லியிருக்கலாம். ஆனால் அது எச்சில் கொட்டை. எச்சில் கணக்கில் சேராது, மறுபடியும் பத்தொன்பது ஆகிவிடும், நான் தோற்றுவிடுவேன். எனக்குத் தோற்கப் பிடிக்கவில்லை.

"இருபது கொட்டையும் பெட்டியிலதான் இருந்துது" என்றேன். "அவ சும்மா தம்பியை அடிச்சா."

அம்மை தாணுவைப் பிடுங்கிக்கொண்டு, இனி இந்தப் படி ஏறாதே என்று சொல்லிவிட்டு நேரே குளத்துக்குப் போனாள். சுகிர்தபாய் தடுக்கைச் சுருட்டினாள். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு இத்தனை வருஷம் இப்படி இருந்திருக்காது.

அந்த மாதமே லீலாபாயை போர்டிங்கிலிருந்து கூட்டி வந்துவிட்டார்கள். தை அறுப்புக்கு எங்கள் வயலில் கதிர் பொறுக்க வந்தவர்களில் அவளும் இருந்தாள்.

சுகிர்தபாயை விரட்டிய அன்று சாயங்காலம் அம்மை அப்பாவிடம், "அவ போனா போட்டு. பிள்ளை எல்லாம் படிச்சாச்சு. பாருங்கோ, தரையில ஒரு பொடி கிடக்கா?" என்றாள். அப்பா என்னை மடியில் வைத்துக்கொண்டு இருபது வரைக்கும் எண்ணச் சொன்னார். ஒன்றுகூட விடாமல் எண்ணினேன்.