மட்டி கிண்டும் கரை

'ஒரு சாமத்தியவீட்டுக்குப் போற அவசரத்திலை, மட்டி தின்னுற சனத்துக்குப் பீத்தண்ணியை நல்ல தண்ணியெண்டு எழுதிக் குடுத்திட்டனே.'

ஆய்வுகூடத்தில் பிரஷாந்தினி, கிருமி வளர்க்கும் தட்டுகள் இரண்டையும் மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தூரத்து வடகரையில், ஆறு கடலாகும் இடத்தில் எடுத்து அனுப்பிய தண்ணீர். கழிவுக்குழாய்க்குச் சற்றுத் தள்ளி ஊரார் மண்ணிலிருந்து மட்டிச் சிப்பி கிண்டும் கரை அது. நேரே ஊற்றிய தட்டில் ஒன்றுமில்லை. அதே தண்ணீரைச் சத்துக்கரைசலில் விட்டு, இளஞ்சூட்டில் சில மணி நேரம் தேற்றிய பிறகு ஊற்றிய தட்டிலோ முழுக்கக் கிருமிப் புள்ளிகள். குளிர்கடலில் மலக்கிருமி லேசில் சாவதில்லை. நலிந்து கிடக்கும், மற்றக் கிருமிகளை அடக்கும் மருந்து கலந்த தட்டில் நேரே போட்டால் எழும்பத் தெம்பிராது.

இது அவளுக்குத் தெரியாததல்ல. போன வருடம், மச்சாளின் மகளுக்குப் பூப்புச் சடங்கு நடந்த அந்த வெள்ளிக்கிழமை, தேற்றும் வேலையை விட்டுவிட்டாள். தமிழர் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் மேக்கப் போடுகிற பெண் மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தாள். 'கிருமி இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு மெத்ரோ ரயிலுக்கு ஓடினாள். மண்டபத்தில் எடுத்த படங்களில் அழகாகத்தான் இருந்தாள்.

ஆய்வுகூடப் பொறுப்பாளர் உருத்திரமூர்த்தி எட்டிப் பார்த்தார். இந்த வேலையை அவளுக்கு எடுத்துத் தந்தவர்.

"என்ன பிள்ளை, கிருமியளுக்குக் குளிருமெண்டு கம்பளி போத்தி விட்டனீரோ?"

"போன வருசமும் போத்தியிருக்கவேணும், அண்ணை. நான் போத்தேல்லை."

அவர் சிரிப்பு நின்றது. அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் அவர் கதவைச் சாத்தினார்.

"வேறை ஆருக்கும் சொன்னனீரோ?"

"இல்லை."

"அப்ப விடும். நேரே ஊத்தின தட்டின்ரை கணக்கை மட்டும் எழுதிக் கையெழுத்து வையும். அது பொய்யில்லைத்தானே."

பொய்யில்லை. இதே வசனத்தைத்தான் ஒரு வருடமாக அவளும் தனக்குள் சொல்லி வந்தாள். இன்னொருவர் வாயில் கேட்டபோது உடம்பு கூசியது.

"மட்டியை அவிச்சுத்தானே தின்னுவினம்?" என்றார் அவர்.

"பச்சையாத் தின்னுவினமாம். தண்ணி அனுப்புற பொம்பிளை எழுதியிருக்கிறா. சின்னப் பிள்ளையளும்."

"இப்ப கிருமி இருக்கெண்டு எழுதினா போன வருசத்துப் பிழையும் வெளியிலை வரும். ரெண்டு பேற்றை வேலையும் போயிடும், பிள்ளை."

அவர் முடிவு எழுதும் படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"என்னாலை ஏலாது, அண்ணை," என்றாள், படிவத்தைத் தொடாமல்.