டிரைவரிடம் பேசக் கூடாது

பூசணிக்கு நாலு வயது. அவள் அழுவதற்குப் பெரிய காரணமெல்லாம் வேண்டியதில்லை. பிஸ்கட் இரண்டாக உடைந்தால் அழுவாள். சரி என்று முழு பிஸ்கட் ஒன்றை எடுத்துக் கொடுத்தால், உடைந்தது பாவம் என்று அதற்கும் அழுவாள். மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிற ரகமும் இல்லை. முதலில் வாய் முழுசாகத் திறக்கும். ஒரு சத்தமும் வராது. வீட்டில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதற்குப் பிறகு வருவது மூன்று மாடிக்குக் கேட்கும். கீழ்வீட்டுக்காரர் ஒருமுறை ஆம்புலன்ஸ் வருகிறதென்று நினைத்து வாசலில் நின்ற ஸ்கூட்டரை ஓரம் கட்டினார்.

அவள் அம்மா பஸ் டிரைவர். ஒன்றரை வருஷமாகச் சாயங்கால ஷிஃப்ட். பிள்ளைகள் பள்ளியும் காப்பகமும் முடிந்து வரும்போது அவள் கிளம்பியிருப்பாள். அவள் திரும்பும்போது இரண்டும் தலைகீழாகத் தூங்கிக்கொண்டிருக்கும். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் கணவன்தான் சாப்பாடு போட்டுக்கொண்டே அன்றைய செய்தி வாசிப்பான். "இன்னிக்கு மூணு அழுகை. ஒண்ணு செருப்புக்காக. ஒண்ணு நிலாவைக் காணோம்னு. ஒண்ணு எதுக்குன்னு அவளுக்கே தெரியல." அவள் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் மனசு என்னவோ போலாகிவிடும். எவ்வளவு நாளைக்குத்தான் பெற்ற பிள்ளையின் அழுகையைச் செய்தியாகக் கேட்பது. அவளுக்கு நேரடி ஒலிபரப்பு வேண்டும்.

அதற்கு வழி ஒன்றே ஒன்றுதான். காலை ஷிஃப்டில் ஓர் இடம் காலியாகியிருந்தது. சோதனை ஓட்டத்தில் தேறினால் அது அவளுக்கு. தினமும் மூன்று மணிக்கெல்லாம் வீடு. தேறாவிட்டால் பழையபடி சாயங்காலம், பழையபடி செய்தி வாசிப்பு.

சோதிக்க வருகிறவர் சாதாரண ஆள் இல்லை. டிப்போவில் அவருக்கு 'அளவுகோல்' என்று பெயர். உடம்பும் அப்படித்தான், குணமும் அப்படித்தான். டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்து, காலடியில் ஒரு தண்ணீர் பாட்டிலை நிறுத்தி வைப்பாராம். பிரேக்கை வெடுக்கென்று போட்டு அது விழுந்துவிட்டால் கதை முடிந்தது என்று டிப்போவே பயந்து கிடந்தது. அந்த பாட்டிலை நினைத்து நினைத்தே இவளுக்கு நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை.

இதில் பழைய வினை ஒன்றும் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் கணவன் பிள்ளைகளோடு அவள் பஸ்ஸில் ஏறினான். பாதி வழியில் பூசணி, "அம்மா, நேத்து நீ குறட்டை விட்டப்போ அப்பா தலகாணியால காதை மூடிக்கிட்டாரு" என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். பஸ்ஸே சிரித்தது. இவளும் தலையைத் திருப்பிச் சிரித்துவிட்டாள். யாரோ ஒரு புண்ணியவான் நேரே டிப்போவுக்குப் போய், டிரைவர் அரட்டை அடித்துக்கொண்டே ஓட்டுகிறார் என்று போட்டுக் கொடுத்துவிட்டான். வாங்கிக் கட்டிக்கொண்டது இவள்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம். ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் அவள் அம்மா இல்லை, டிரைவர். டிரைவரிடம் பேசக் கூடாது. சோபாவை பஸ்ஸாக்கி ஒத்திகைகூடப் பார்த்தார்கள். பூசணிக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"அப்போ அம்மா எங்க போவாங்க?"

"எங்கயும் போக மாட்டாங்க. பஸ் நின்னதும் வந்துடுவாங்க" என்றான் அப்பா. பூசணி அதை மென்று விழுங்கி வைத்துக்கொண்டாள்.

சோதனை அன்று காலை எல்லாம் நன்றாகத்தான் தொடங்கியது. அளவுகோல் ஏறினார், உட்கார்ந்தார், பாட்டிலைக் காலடியில் நிறுத்தினார். பஸ் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. ஐந்தாவது ஸ்டாப் வந்தது. அங்கே நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஈயாடவில்லை.

கணவன் நின்றுகொண்டிருந்தான். ஒரு கையில் பூசணி, மறு கையில் அவள் அண்ணன். ஆறு வயதுதான், ஆனாலும் வீட்டு நிர்வாகம் முழுக்க அவன் கையில் என்பதால் அவனுக்கு 'மேனேஜர்' என்று பெயர். பூசணியின் ஒரு காலில் ஷூ இருந்தது, இன்னொன்றில் சாக்ஸ் மட்டும்.

நடந்தது இதுதான். காப்பகத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்து லீவு விட்டுவிட்டார்கள். அது போதாதென்று மேனேஜரின் பள்ளிக்கும் அன்று விடுமுறை. பிள்ளைகளைக் கடைசி ஸ்டாப்பில் இருக்கும் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகலாம் என்று கணவன் முந்தின பஸ்ஸுக்கே கிளம்பினான். ஆனால் இன்னொரு ஷூவைத் தேடு தேடென்று தேடி, அது வாஷிங் மெஷினுக்குள் சுற்றிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடிப்பதற்குள் அந்த பஸ் போயே போய்விட்டது. அடுத்தது மனைவியின் பஸ்.

கதவு திறந்தது. கணவன் மனைவியைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தான்.

"ஏங்க, இது கடைசி ஸ்டாப் போகுங்களா?"

கல்யாணமான ஏழு வருஷத்தில் அவன் வாயிலிருந்து அவளுக்கு ஒரு 'ங்க' வந்ததில்லை. இப்போது ஒரே மூச்சில் இரண்டு.

"போகும். உள்ள போங்க" என்றாள் அவளும், உதட்டைக் கடித்துக்கொண்டு.

அளவுகோலுக்கு எதிர் சீட்தான் காலியாக இருந்தது. வேறெங்கே இருக்கும். தலைக்கு மேலிருந்த பெரிய கண்ணாடியில் அவளுக்கு மூன்று பேரும் தெரிந்தார்கள். மேனேஜர் விறைப்பாக உட்கார்ந்து, யாரும் எதுவும் கேட்காமலே பஸ்ஸுக்கு அறிவித்தான்.

"இந்த டிரைவர் யாருன்னு எங்களுக்குத் தெரியாது."

கணவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நாங்க பார்த்ததே இல்ல" என்றான் மேனேஜர், இன்னும் கொஞ்சம் உரக்க.

பின் சீட்டில் பூந்தொட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் முன்னால் எட்டிப் பார்த்தார். "அதென்னவோ போ, அந்த டிரைவர் மூக்கை அப்படியே வெட்டி இந்தப் பாப்பாவுக்கு ஒட்டின மாதிரி இருக்கு."

"அது அவளோட மூக்குதான். கடையில வாங்கினது" என்றான் மேனேஜர்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவளுக்குக் காலை ஷிஃப்ட் போச்சு என்ற பயம் ஒரு பக்கம். கூடவே சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் மனுஷி என்ன செய்வாள். கன்னத்தை உள்பக்கமாகக் கடித்துக்கொண்டு சிக்னலை மட்டும் பார்த்தாள்.

பூசணி இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பார்வை முழுக்கத் தண்ணீர் பாட்டில் மேல் இருந்தது.

"அங்கிள், உங்க பாட்டில் கீழ நிக்குது."

"ஆமா" என்றார் அளவுகோல்.

"விழுந்துடும்."

"விழாது."

"விழுந்தா?"

அதற்குப் பதில் பூசணிக்கே தெரியும். நாலு நாளாக அம்மா காலையில் காபி குடித்துக்கொண்டே அப்பாவிடம் புலம்பியதை எல்லாம் அவள் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். சீட்டின் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்து, பாட்டிலுக்குக் காவல் இருந்தாள்.

"உங்க அம்மா எங்க பாப்பா?" என்று கேட்டார் பூந்தொட்டி அம்மாள். சும்மா இருக்க முடியவில்லை அவருக்கு.

"எங்கம்மா இப்ப இல்ல. பஸ் நின்னதும் வருவாங்க."

அளவுகோல் முதல்முறையாகத் தலையைத் தூக்கி, எதிர் சீட்டை ஒரு பார்வையும் கண்ணாடியை ஒரு பார்வையும் பார்த்தார். பிறகு தன் மதிப்பெண் அட்டையில் ஏதோ எழுதினார். கண்ணாடியில் அதைப் பார்த்தவள் சட்டென்று பார்வையை ரோட்டுக்குத் திருப்பினாள்.

பூங்கா திருப்பத்தில்தான் அது நடந்தது. சுவருக்கு மேலிருந்து ஒரு பந்து துள்ளி வந்து நடு ரோட்டில் விழுந்தது. பந்து வந்தால் பின்னாலேயே ஒரு குழந்தை வரும் என்பது பிள்ளை பெற்றவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாட்டிலாவது ஷிஃப்டாவது. அவள் பிரேக்கை மிதித்தாள்.

பாட்டில் சாய்ந்தது. பூசணி சீட்டிலிருந்து பாய்ந்தாள். பாட்டிலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் நெற்றி போய்க் கம்பியில் 'ணங்' என்று மோதியது. அந்தச் சத்தம் பின் சீட் வரை கேட்டது.

ரோட்டில் ஒரு பொடியன் ஓடி வந்து பந்தை எடுத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு ஒரு டாட்டா காட்டிவிட்டுப் போனான். அவள் அதைப் பார்த்தாளோ இல்லையோ. கண்ணாடியில் பூசணியின் வாய் முழுசாகத் திறந்திருந்தது.

கணவன் மூச்சைப் பிடித்தான். மேனேஜர் காதைப் பொத்திக்கொண்டான். அவள் ஸ்டியரிங்கை இறுக்கிக்கொண்டு காத்திருந்தாள். வரப்போகிறது. 'அம்மா' என்று ஒரே ஒரு கத்தல், அதோடு எல்லாம் அம்பேல்.

வரவில்லை. பூசணி டிரைவர் சீட்டின் முதுகைப் பார்த்தாள். திறந்த வாயை மெல்ல மூடினாள். உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். கன்னம் இரண்டும் உப்பி, கண்ணில் தண்ணீர் தளும்பி, பெயருக்கேற்ற பூசணியாகவே ஆகிவிட்டாள். கணவன் அவளை மடியில் தூக்கிப் போட்டு நெற்றியைத் தடவிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைப் பார்த்து ஒன்றுமில்லை என்று தலையாட்டினான். சின்ன வீக்கம்தான்.

பஸ் நகர்ந்தது. இன்னும் நாலு ஸ்டாப். எத்தனையோ தடவை இந்தப் பிள்ளை வாயை மூடினால் போதும் என்று இவள் வேண்டியிருக்கிறாள். இப்போது ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அந்த மூடிய வாயைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு வலித்தது. அழுடி, என் கண்ணு, அழுதுடு என்று மனசுக்குள் கெஞ்சினாள். மடியில் பாட்டிலை அணைத்துக்கொண்டு பூசணி மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசி ஸ்டாப். கதவு திறந்தது, எல்லோரும் இறங்கினார்கள். பூந்தொட்டி அம்மாள் மட்டும் படியில் நின்றுவிட்டார்; மீதிக் கதை தெரியாமல் அவரால் வீட்டுக்குப் போக முடியாது. அளவுகோல் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார். பூசணி அப்பா மடியிலிருந்து இறங்கி, பாட்டிலோடு முன்னால் வந்தாள். பயணிகள் தாண்டக் கூடாத மஞ்சள் கோட்டில் ஷூவையும் சாக்ஸையும் சரியாக ஒட்டி நின்றாள். டிரைவரைப் பார்க்கவில்லை. அளவுகோலைப் பார்த்தாள்.

"பஸ் நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு."

"அப்போ இவங்க யாரு?"

அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக டிரைவரைப் பார்த்தார். "அதை அவங்கதான் சொல்லணும்."

அட்டை இன்னும் அவர் மடியில். கையெழுத்து விழவில்லை. அவள் ஹேண்ட் பிரேக்கைப் போட்டாள், இன்ஜினை நிறுத்தினாள், பெல்ட்டைக் கழற்றினாள்.

"அம்மாடி. உன் அம்மா."

வாய் திறந்தது. வழக்கமான அந்த அமைதி. பிறகு நாலு ஸ்டாப் தூரம் சேர்த்து வைத்திருந்தது மொத்தமாகக் கிளம்பியது. வெளியே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கூரைமேல் உட்கார்ந்திருந்த புறாக்கள் எல்லாம் பறந்துவிட்டன. மடியில் வாரிப் போட்டுக்கொண்டு வீங்கிய இடத்தில் அவள் முத்தமாகக் கொடுக்க, பூசணி நடுநடுவே விளக்கமும் சொன்னாள். "பாட்டில்... விழக் கூடாதுன்னு... நான்..."

"சார்" என்றாள் அவள், அழுகைக்கு மேலே குரலை உயர்த்தி. "பாட்டில் விழுந்திருக்கும். இவ புடிச்சதாலதான் விழல. உள்ளதைச் சொல்லிடறேன்."

"எந்த பாட்டில்?"

"அதான் சார், உங்க டெஸ்ட் பாட்டில்."

அளவுகோல் பூசணி கையிலிருந்த பாட்டிலை வாங்கி, மூடியைத் திறந்து, மடமடவென்று குடித்தார். "எனக்குத் தொண்டை வறளும்மா. டாக்டர் அடிக்கடி குடிக்கச் சொல்லியிருக்கார். இந்த சீட்ல பாட்டில் வைக்க வேற இடம் கிடையாது."

நாலு நாள் இறங்காத சோறெல்லாம் அவள் கண்முன்னால் வந்து போனது.

"அந்தப் பந்துக்கு பிரேக் போட்டீங்களே, அப்பவே தேறியாச்சு" என்று அவர் கையெழுத்துப் போட்டார். "உங்க பையன் டிரைவரைத் தெரியாதுன்னு சொன்னப்பவே எனக்கு விஷயம் புரிஞ்சு போச்சு." பிறகு சீட்டுக்கு மேலிருந்த 'டிரைவரிடம் பேசக் கூடாது' என்ற பலகையைக் காட்டினார். "இத்தனை வருஷ சர்வீஸ்ல இதை மதிச்ச பயணி இந்தப் பாப்பா ஒண்ணுதான். அதுக்குப் படிக்கவும் தெரியாது."

படியிலிருந்து பூந்தொட்டி அம்மாள், "மூக்கைப் பார்த்தப்பவே நான் சொன்னேன்ல" என்றார், யாருக்கென்றில்லாமல்.

வெளியே அடுத்த பயணத்துக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரோ கதவைத் தட்டினார்கள். பூசணி அழுகையைப் பாதியில் நிறுத்தி, மூக்கை அம்மாவின் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இப்போ டிரைவரா?"

"ஆமாடா. கிளம்பணும்."

"மீதி இருக்கே."

"மூணு மணிக்கு அத்தை வீட்டுக்கு வந்துடறேன். அப்போ அழு."

"நாளைக்கு?"

"நாளைக்கும் மூணு மணிக்குத்தான்."

பூசணி கொஞ்சம் யோசித்தாள். மடியிலிருந்து இறங்கி, மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய், வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கணவன் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு இறங்கும்போது, "ரொம்ப நன்றிங்க டிரைவர்" என்று கண்ணடித்தான்.

மூன்று மணிக்கு அவள் நாத்தனார் வீட்டு மணியை அடித்தாள். கதவைத் திறந்தது பூசணி. நெற்றி வீக்கம் வடிந்திருந்தது. கையில் பாதி பிஸ்கட் இருந்தது. யூனிஃபார்மை மேலும் கீழும் பார்த்தாள்.

"அம்மாவா?"

"அம்மாதான்."

பூசணி வாயைத் திறந்தாள். அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்படியிலேயே உட்கார்ந்து, ஆரம்பத்திலிருந்து கடைசி வரை முழுவதையும் கேட்டாள்.